கையில் போன் இல்லை, சரி. கவனம் ரோட்டில் இருக்கிறதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தாயார் கேட்ட கேள்வி இது. மூத்த மகன் தினமும் பழைய ரோட்டில் காடி ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறான். போகும்போதும் வரும்போதும் போனில் பேச்சுதான். கண்டித்தால், "ப்ளூடூத்லதானே பேசுறேன், ரெண்டு கையும் ஸ்டேரிங்லதான் இருக்கு, சட்டத்துல தப்பே இல்ல" என்கிறானாம். இளையவனுக்கு மோட்டார். அவனும் ஹெல்மெட்டில் மாட்டுகிற ப்ளூடூத் வேண்டும் என்று நச்சரிக்கிறான். மூத்தவன் சொல்வது சரியா, இளையவனுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, சட்டத்தைப் பற்றி உங்கள் மகன் சொல்வது சரி. ஆபத்தைப் பற்றி அவன் நினைப்பதுதான் தவறு. லைசென்ஸ் எடுக்க வரும் பிள்ளைகளுக்கும் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறவன் நான். இதே வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1959ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ என்று ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தக் கூடாது என்பது அது. பிடிபட்டால் 300 வெள்ளி வரை சம்மன். நீதிமன்றம் வரை போனால் அபராதம் 2,000 வெள்ளி வரை ஏறலாம். கையில் பிடிக்காமல் பேசுவதை அந்த விதி தொடவில்லை. தொடவும் முடியாது. ரோட்டோரம் நிற்கும் போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிவது கையும் போனும்தான். ஓட்டுகிறவன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று அவரால் பார்க்க முடியாது. சட்டத்தின் எல்லை அங்கே முடிகிறது என்பதற்காக ஆபத்தும் அங்கேயே முடிந்துவிடாது. இன்னொன்றையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். ஓர் உயிர் போய்விட்டால் விஷயம் 300 வெள்ளியோடு நிற்காது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவு 2020இல் கடுமையாக்கப்பட்டது. பொறுப்பின்றியோ ஆபத்தாகவோ ஓட்டி மரணம் விளைவித்தால், முதல் தடவைக்கே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம்.

இனி ஆபத்துக்கு வருவோம். கவனம் சிதறுவது மூன்று வழியில் நடக்கிறது: கண் ரோட்டை விட்டுப் போவது, கை ஸ்டேரிங்கை விட்டுப் போவது, மனம் ஓட்டுவதை விட்டுப் போவது. வாட்சாப் தட்டுகிறவனுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும், அதனால்தான் அது எல்லாவற்றையும்விட மோசம். அமெரிக்காவில் வெர்ஜினியா தொழில்நுட்பக் கழகத்தின் போக்குவரத்து ஆய்வகம் லோரிகளுக்குள் கேமரா பொருத்தி, ஓட்டுநர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தது. 2009இல் வெளிவந்த முடிவு: குறுஞ்செய்தி தட்டும்போது விபத்தோ மயிரிழையில் தப்பும் நிலையோ வரும் வாய்ப்பு 23 மடங்கு. ஆறு விநாடி துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதில் நாலரை விநாடிக்கு மேல் கண் ரோட்டிலேயே இல்லை.

நாலரை விநாடி என்றால் பலருக்கு உறைக்காது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடைவெளி சுமார் 9 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காடி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடும். ஐந்து விநாடி போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பதினான்கு மரம் பின்னால் போயிருக்கும். அந்தப் பதினான்கு மரத் தூரத்துக்கு வண்டியில் ஓட்டுநர் இல்லை. இது நிமிர்வதற்கு முந்தைய கணக்கு மட்டும்தான். நிமிர்ந்து, ஆபத்தைப் பார்த்து, பிரேக்கில் கால் வைத்து, வண்டி முழுசாக நிற்க, காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு இன்னும் 80 மீட்டராவது வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கொட்டுகிற பேராக் மழையில் அதுவும் போதாது.

"நான் தட்டுறதே இல்ல, பேசுறேன் மட்டும்தான்" என்பான் உங்கள் மகன். அதையும் பார்ப்போம்.

1997இல் கனடாவின் டொரொன்டோவில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை எடுத்து, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். போனில் பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடித்துப் பேசினவர்களுக்கும் பிடிக்காமல் பேசினவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் இதேபோல ஆய்வு செய்தார்கள். அங்கேயும் நான்கு மடங்கு, அங்கேயும் கையில் பிடிக்காததால் பாதுகாப்பு கூடவில்லை.

ஏன் அப்படி? அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் ஓட்டுப் பயிற்சிக் கருவியில் ஆட்களை உட்கார வைத்து, அவர்களின் கண் எங்கே போகிறது என்று அளந்தார்கள். ரோட்டோரத்து விளம்பரப் பலகையைக் கண் நேராகப் பார்த்திருக்கிறது. கருவியே அதைக் காட்டுகிறது. ஆனால் பிறகு கேட்டால், போனில் பேசிக்கொண்டு ஓட்டினவர்களுக்குப் பார்த்த நினைவு வெகுவாகக் குறைந்திருந்தது. கண் பார்த்தது, மூளை வாங்கவில்லை. விபத்து நடந்த பிறகு "மோட்டார் எங்கிருந்து வந்ததுன்னே தெரியல" என்று ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பல நேரங்களில் அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த மோட்டார் அவர்கள் கண் முன்னால்தான் வந்திருக்கும்.

மனச்சுமை கூடும்போது இன்னொன்றும் நடக்கிறது. பார்வை நடுவிலேயே குறுகிவிடும். பக்கக் கண்ணாடி பார்ப்பது குறையும், இடமும் வலமும் கண் போவது குறையும். நெடுஞ்சாலையில் இது ஓரளவு தப்பிக்க விடும், அங்கே எல்லாம் ஒரே திசையில் ஓடுகிறது. நம் பழைய ரோட்டில் ஆபத்து முழுக்கப் பக்கத்தில் இருந்துதான் வருகிறது. தோட்டத்துச் சிம்பாங்கில் (சந்திப்பில்) இருந்து லாலாங் புல் மறைவில் ஒரு கப்சாய் மோட்டார் எட்டிப் பார்க்கும். தமிழ்ப்பள்ளி விட்ட நேரத்தில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை என்று ஏற்றிக்கொண்டு ஒரு அம்மா ரோட்டைக் கடப்பார். செம்பனை லோரியில் இருந்து குலை ஒன்று விழுந்து நடு ரோட்டில் கிடக்கும். இருபது கிலோ கனம், மேலெல்லாம் முள். பொழுது சாய்ந்தால் மாடுகள். தோட்டத்துக்குள் மேய விட்ட மாடு தார் ரோட்டுச் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும், கருப்பு மாடு இருட்டில் தெரியவே தெரியாது.

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் மகனே எங்காவது படித்துவிட்டு வந்து கேட்பான். எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. நான் மேலே சொன்ன கேமரா ஆய்வில், கையில் பிடிக்காமல் வெறுமனே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அபாயம் கூடவில்லை. அந்த லோரி ஓட்டுநர்களுக்கு அது குறைந்துகூட இருந்தது. நீண்ட, நேரான, சலிப்பூட்டும் அமெரிக்க நெடுஞ்சாலையில் பேச்சு அவர்களைத் தூங்காமல் வைத்திருக்கும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் சுங்கை சிப்புட்டில் இருந்து கந்தான், செம்மோர் வழியாக ஈப்போ போகிற ரோடு அப்படிப்பட்ட ரோடு அல்ல. கந்தான் பக்கம் கல், சிமெண்ட் லோரிகள் எந்த நேரத்தில் உள்ளே திரும்பும், வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு, பேச்சு தானாக ஆரம்பிப்பதில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைப் பார்க்க வேண்டும், நம்பரைத் தேட வேண்டும், லைன் விட்டுப் போனால் மறுபடி அழுத்த வேண்டும். அதே ஆய்வுகளில் அபாயம் எகிறுவது அந்த இடங்களில்தான். முழுக்க முழுக்கக் கை படாத அழைப்பு என்று ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை.

"அப்போ பக்கத்து சீட்டுல உக்காந்து பேசுறவங்க?" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. யூட்டா குழுவே 2008இல் இதைச் சோதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ரோட்டையும் பார்க்கிறார். சிக்கலான இடம் வந்தால் பேச்சைத் தானாகவே நிறுத்துவார், "அந்தப் பக்கம் லோரி வருது" என்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் ஒரு டிரெக்டரை முந்திக்கொண்டிருக்கும் அந்த நொடியில்தான் அவர் "கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வெக்கலாம்?" என்று கேட்பார். பின் சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை நான் இந்த நல்ல பயணிகள் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் போனைப் பார்க்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏயின் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2015இல் செய்த ஆய்வில், குரல் வழிக் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப சில கருவிகளில் 27 விநாடி வரை பிடித்தது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்பது 600 மீட்டர். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்து, போனைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புகிறவன் அடுத்த சிம்பாங் வரை பாதி ஆள்தான்.

போன் மட்டும்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தே ஆய்ஸை ஒரு கையில் தொங்கவிட்டு ஸ்ட்ராவைத் தேடுகிறவர்கள், மைவி காடிக்குள் தொலைக்காட்சி அளவுக்கு அண்ட்ராய்டு பிளேயர் மாட்டி அதில் படம் ஓடவிடுகிறவர்கள், வேஸ் செயலி காட்டும் வழியை ஓட்டிக்கொண்டே மாற்றுகிறவர்கள் என்று பட்டியல் நீளும். இரவு ஷிப்ட் முடித்து, அரைத் தூக்கத்தில் வீடு திரும்புகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஆனால் நம் மாதிரி ஊர்களுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரோடு பழகிப் போனது. எந்த வளைவுக்கு அப்புறம் கோயில், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்தத் தோட்டத்து வாசலில் வேகத்தடை என்று நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தினமும் போகும் வழியில் மூளை ஓட்டுவதை உடம்பிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். வீட்டு வாசலில் காடியை நிறுத்திய பிறகு, "எப்படி வந்தேன்?" என்று யோசித்தால் பாதி வழி ஞாபகமே இருக்காது. வெறுமனே பழக்கம் என்றால் திடீர் ஆபத்தில் மூளை சட்டென்று திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதன் மேல் ஒரு போன் பேச்சையும் ஏற்றிவிட்டால் திரும்பி வர இடம் இருக்காது. கோலாலம்பூர் நெரிசலில் பயந்து போனை எடுக்காத பையன், ஊர் ரோட்டுக்கு வந்ததும் எடுக்கிறான். அவனுக்கு ஊர் ரோடு பாதுகாப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கவனக்குறைவுக்கு விலை கொடுக்கிறவர் பெரும்பாலும் காடி ஓட்டினவர் அல்ல. 2019இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் 1992இல் இருந்து பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். விளக்கு எரிந்தாலும் எதிரில் வருகிறவன் மூளை வாங்காவிட்டால் அந்த விளக்கால் பயன் இல்லை.

இனி நான் சொல்லப் போவது உங்களுக்கு, சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். மகன் போகும்போதும் வரும்போதும் போனில் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுமுனையில் இருப்பது யார்? பல வீடுகளில் நான் விசாரித்த வரை, "எங்கடா வர்ற? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா? வர்ற வழியில ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வா" என்று கூப்பிடுவது அம்மாதான், இல்லாவிட்டால் மனைவி. தொழிற்சாலையில் என்றால் சூப்பர்வைசர். செம்பனை லோரி ஓட்டுகிறவர்களுக்கு லோரி முதலாளி, மில்லில் எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது என்று பாதி வழியில் கேட்பார். உணவு கொண்டு போகிற பையன்களை அந்தச் செயலியே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எடுக்காவிட்டால் திட்டு, எடுத்தால் ஆபத்து. ஓட்டுகிறவனை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூப்பிடுகிறவர் கூப்பிடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆகவே வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்து காடியில் ஏறும் முன் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பட்டும். அதன் பிறகு அவன் வந்து சேரும் வரை வீட்டில் இருந்து யாரும் கூப்பிடுவதில்லை. தேங்காய் வாங்க வேண்டும் என்றால் அந்த வரி வந்ததும் உடனே சொல்லிவிடுங்கள், இல்லையேல் தேங்காய் நாளைக்கு. தெரியாமல் கூப்பிட்டு அவன் எடுத்துவிட்டால், முதல் வார்த்தையாக "ஓட்டிக்கிட்டு இருக்கியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வைத்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம். நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் பயம் வரும்தான். மழை, ஈப்போ நெரிசல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

அவன் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஐபோனிலும் அண்ட்ராய்டிலும் ஓட்டும்போது அழைப்பையும் செய்தியையும் தானாக அடக்கி வைக்கிற அமைப்பு இருக்கிறது. செய்தி அனுப்புகிறவருக்கு "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதிலும் போகும்படி வைக்கலாம். ஐபோனில் அது 2017இல் இருந்தே உண்டு. ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும். வேஸில் வழியை நிற்கும்போதே போட்டுவிட வேண்டும். போன் பின் சீட்டில் பைக்குள் இருக்கட்டும், கைக்கு எட்டினால் எடுக்கத் தோன்றும். சூப்பர்வைசர் கோபித்தால், வேலைக்குச் சேரும்போதே "ஓட்டும்போது எடுக்க மாட்டேன், போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடுவேன்" என்று சொல்லி வைத்தால் பெரும்பாலான முதலாளிகள் ஒத்துக்கொள்வார்கள். அவசரம் என்றால் பெட்ரோல் நிலையத்திலோ கடை வாசலிலோ ஒதுங்கிப் பேசட்டும். ரோட்டோர மண்ணில் அல்ல, அதுவும் இரவில் வேண்டவே வேண்டாம்; பின்னால் வருகிறவனும் போனில் இருக்கலாம்.

இளையவன் விஷயம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசிக்கொண்டே போகிற பையன்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். அதைவிட ப்ளூடூத் மேல்தான், மறுக்கவில்லை. செருகின போன் ஒரு காதை அடைத்துவிடும். விழுந்தால் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கெட்டியான ஒரு பொருள். நழுவினால் பிடிக்கப் போய்க் கை ஹேண்டலை விட்டுவிடும். ஆனால் அந்தக் கேடு போய்விட்டது என்பதற்காக ப்ளூடூத் நல்லதாகிவிடாது. காடி ஓட்டுகிறவனுக்குச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டாரில் போகிறவனுக்குக் கண்ணும் காதும்தான் இருக்கிறது, அதில் காதைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் லோரியின் ஹார்ன் எங்கே கேட்கும்? வாங்கித் தர வேண்டாம் என்பதுதான் என் பதில். வழி காட்டும் குரலுக்காக மட்டும் கேட்கிறான் என்றாலும் சுங்கை சிப்புட்டில் அவனுக்குத் தெரியாத வழி எது?

அந்தக் காசில் அவனுடைய ஹெல்மெட்டை ஒரு தடவை பாருங்கள். சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா, உள்ளே நுரை நொறுங்கியிருக்கிறதா, தாடைப்பட்டை பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் புதுசு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பின் டயர் வழுக்கையாகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.